வலது வேறு, இடது வேறு

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கம்பெனிக்கு லீவு. மனைவி ஸ்டெல்லாவையும் தங்கச்சி ஜெசியையும் கூட்டிக்கொண்டு எம்.சி. ரோடு. வெள்ளை சாட்டின், லைனிங், நெட், ஜிப், நூல். வெள்ளையில் இத்தனை வெள்ளை இருப்பது இன்றுதான் தெரிந்தது. பால் மாதிரி, சுண்ணாம்பு மாதிரி, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. மூன்றாவது கடையில் ஜெசி ஒரு துணியைத் தொட்டாள், கையை எடுக்கவே இல்லை. அதுதான். ரோலில் மிச்சம் இருந்ததை அப்படியே சுருட்டி வாங்கியாயிற்று.

ஆக, மே 28 தங்கச்சி கல்யாணம். கவுன் நான் தைக்கிறேன். வீட்டில் மெஷின் கிடையாது. கையால்தான்.

பின்னால் மறுக்கக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: முழு உடுப்பு ஒன்றை நான் இதுவரை தைத்ததில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் சட்டைக்குக் கை வைப்பது மட்டும்தான் வேலை. காலருக்கு ஒருத்தன், பைக்கு ஒருத்தன், பட்டனுக்கு ஒருத்தி. முழுச் சட்டை எங்கே போகிறது என்பது கப்பலுக்குத்தான் தெரியும்.

போன வாரம் வாடகைக் கவுன் கடைகளும் ஏறி இறங்கிப் பார்த்தோம். ஒன்றும் உட்காரவில்லை. ஜெசிக்கு எட்டாவது படிக்கும்போது முதுகெலும்பு வளைய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி, வருஷக்கணக்கில் பெல்ட். வளைவு நின்றது, நேராகவில்லை. வலது தோள் மேலே, இடது தோள் கீழே, வலது முதுகில் ஒரு மேடு. திரும்பும் வழியில் மாப்பிள்ளை டேவிட் வீட்டுக்குப் போனோம். நாங்கள் திண்டாடியதைக் கேட்டு அவன் அம்மா சொன்னது: "இன்னாத்துக்குப்பா கவுனு? வெள்ளப் பொடவ கட்டிக்கினா முந்தானைல எல்லாம் மறைஞ்சிடும்."

ஜெசி எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அண்ணே, எனக்குக் கவுனுதான் வேணும். நீ தச்சிக் குடு."

சரி என்றேன். வாய்க்கு என்ன, சொல்லிவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. ஸ்டெல்லா எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். அதனோடு அளவெடுப்பு.

தங்கச்சி மேல் அண்ணன் டேப் வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஸ். (ஸ்டெல்லா) அளந்தாள், இந்தப் பக்கம் நான் குறித்தேன். தோள், மார்பு, இடுப்பு, உயரம்.

என் கணக்கு இது. உடம்பு எப்படி இருந்தாலும் கவுன் நேராக இருந்தால் பார்வைக்கு நேராகத்தான் தெரியும். துணியை இரண்டாக மடித்தேன். ஒரே வெட்டு. பிரித்தால் இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல. எங்கள் கட்டிங் மாஸ்டர் பார்த்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு பூசையில் ஜெசிக்கும் டேவிட்டுக்கும் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குசாமியிடம் சொல்ல வேண்டும் என்று வழக்கம்போல. என் பின்னால் இரண்டு பெண்கள்.

"அந்தப் பொண்ணா? இந்தப் பையனுக்கா?"

"பையனுக்குப் பெரிய மனசுப்பா."

பெரிய மனசாம். ஜெசி லேபில் ரத்தம் எடுக்கிறாள், சம்பாதிக்கிறாள், டேவிட்டை நாலு வருஷம் அலைய விட்டுத்தான் சரி என்றாள். கன்டெய்னர் யார்டில் கிளார்க் அவன். பெரிய மனசு யாருக்கு வேண்டும் என்று திரும்பிக் கேட்டிருப்பேன். பூசை நேரம்.

மதியம் முழுக்கத் தையல். மேல்பாகம், கெட்டித் தையல். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா, "எம் மெசின எடுத்துக்கோயேன் தம்பி, ஏன் கண்ணக் கெடுத்துக்கற" என்றார்கள். வேண்டாம் என்றேன். சாட்டினில் மெஷின் ஊசி போட்ட ஓட்டை பிரித்தாலும் மறையாது. கைத்தையல் மன்னிக்கும்.

எக்ஸ்பிரஸ் ரோட்டு லாரிப் புழுதி ஜன்னலை மூடினாலும் வருகிறது. சுத்தமான பெட்ஷீட் விரித்து அதன்மேல் உட்கார்ந்து தைக்கிறேன். கை வியர்த்தால் பவுடர். ஸ். சிரிக்கிறாள்: "கொழந்த பொறந்த வூடு மாதிரி கீது."

ஏப்ரல் 30, புதன்

போட்டுப் பார்த்தாள்.

எழுதவே கை வரவில்லை. வலது தோள் தையல் கழுத்துப் பக்கம் ஓடிவிட்டது. இடது தோளில் துணி சும்மா தொங்குகிறது. முதுகில் ஜிப் பாம்பு மாதிரி நெளிகிறது. இடுப்புத் தையல் ஒரு பக்கம் விலாவில், ஒரு பக்கம் இடுப்புக்குக் கீழே. கவுன் நேராக இருப்பதால்தான் அவள் இருப்பதைவிட இன்னும் கோணலாகத் தெரிகிறாள்.

கண்ணாடியைப் பார்த்தாள். அழவில்லை. "பரவால்லண்ணே, பொடவையே கட்டிக்கறேன்" என்றாள். உள்ளே போய்க் கழற்றி, ஒழுங்காக மடித்து, என் பக்கத்தில் வைத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அரிசி களையப் போனாள். கத்தியிருந்தால் தேவலாம்.

ஸ். அப்போதுதான் சொல்கிறாள்: "அளவெடுக்கசொல்ல மூச்ச இய்த்துப் புட்சிக்கினு வெறப்பா நின்னுச்சு. நானும் ஒரு பக்கந்தான் அளந்தேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு."

அவளைத் திட்ட வாய் எடுத்தேன். நானும் அப்படித்தானே வெட்டினேன்.

மே 1, வியாழன்

மே தின லீவு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். எனக்கு வெட்டத் தெரியவில்லை, அதற்கு ஜெசியின் முதுகு கோணலா? மேல்பாகத்தை முழுவதும் பிரித்தேன். கோபத்தில் பிரித்தாலும் துணி கிழியவில்லை.

வலது முதுகுக்குத் துணி பற்றாது. எம்.சி. ரோட்டுக்கு ஓடினேன். அந்த வெள்ளை இல்லை. "அதே மாரிதான் சார் இதுவும்" என்று கடைக்காரன் காட்டியது எதுவும் அதே மாதிரி இல்லை.

மிச்சமிருக்கும் ஒரே துணி, கவுனின் வாலுக்கு ஒதுக்கியது. பீடம்வரை தரையில் புரள வேண்டும் என்று ஜெசி ஆசைப்பட்ட வால். அவளிடம் சொன்னேன். வால் வேண்டுமா, கவுன் வேண்டுமா?

காய் நறுக்கிக்கொண்டே யோசித்தாள். "நான்தான் பொடவைன்னு சொல்லிட்டேனே" என்றாள்.

"நீ சொன்னே. நான் சரின்னு சொல்லல."

காயெல்லாம் நறுக்கி முடித்துவிட்டு: "வாலு போனாப் போவுது. ரோடுல இருக்கற குப்பையெல்லாம் வாரிக்கினுதான் வரும்."

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம். இரண்டாம் ஓலை. அந்த இரண்டு பெண்களும் இன்று வேறு பெஞ்சில்.

இந்தமுறை சாட்டினில் கை வைக்கவில்லை. பழைய பெட்ஷீட்டை ஜெசி மேல் சுற்றி, உடம்பிலேயே குண்டூசி குத்தி அளவெடுப்பது என்று திட்டம். ஸ்டெல்லா ஸ்க்ரீனுக்கு உள்ளே, நான் வெளியே.

"வலது தோள்ல மொதல்ல குத்து."

"எனக்கு வலதா, அவளுக்கு வலதா?"

"அவளுக்குடி."

"முன்னாடி நின்னா எனக்கு எடது வருது. நீ எத்த சொல்ற?"

"ஆ" என்று உள்ளிருந்து ஜெசி கத்தினாள், குண்டூசி எங்கேயோ ஏறிவிட்டது. கொஞ்ச நேரம் இதே கூத்து. பிறகு ஜெசியின் குரல், லேபில் வரிசையில் நிற்பவர்களை அதட்டும் அதே குரல்: "அண்ணே, உள்ள வா. தெனம் எத்தினி பேருக்கு ரத்தம் எடுக்கறேன், ஆம்பள கை, பொம்பள கைன்னா பாத்துக்கினு கீறேன்? நீ டெய்லரு. வந்து வேலையப் பாரு."

போனேன். பெட்ஷீட் சுற்றிக்கொண்டு விறைப்பாக நின்றாள், கொடியேற்றும்போது நிற்பதுபோல.

"சாதாரணமா நில்லும்மா."

"நின்னுக்கினுதான் கீறேன்."

நம்பவில்லை. லேபில் நடந்தது எதையாவது சொல் என்றேன். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதையைச் சொன்னாள். பாதிக் கதையில் மூச்சு இறங்கியது, உடம்பு தன் இடத்துக்கு வந்தது. அப்போது சாக்கட்டியால் கோடு போட்டேன்.

கூடவே வளர்ந்தவள். அவள் முதுகை நான் பார்த்ததே இல்லை. போட்டோ எடுத்தால் சுவரோடு ஒட்டி நிற்பாள், வீட்டில் எப்போதும் துப்பட்டா. பெட்ஷீட்டுக்கு மேல்தான் கோடு போட்டேன், ஆனாலும் அந்த வளைவு கையில் தெரிந்தது. அசிங்கமாக ஒன்றும் இல்லை. இப்படி ஒரு உடம்பு, அவ்வளவுதான். இதை மறைக்க அவள் பட்ட பாடுதான் அதிகம்.

வலதும் இடதும் தனித்தனிப் பேப்பரில் வெட்டினேன். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை. பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்: வ, இ.

மே 8, வியாழன்

கம்பெனியில் மானம் போயிற்று.

எங்கள் லைனில் சட்டையின் இரண்டு கையும் ஒரு நூல் பிசகினாலும் செக்கிங் பெண் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி விடுவாள். எனக்கு ஸ்டிக்கர் விழுந்து பல வருஷம் ஆகிறது. இன்று விழுந்தது, ஒன்றுக்குமேல். சூப்பர்வைசர்: "இன்னா ஆரோக்கியம், தங்கச்சிக்குக் கல்யாணமா, உனக்கா?"

வீட்டில் நேர் எதிர்ச் சங்கடம். கை தானாக இரண்டு பக்கத்தையும் சமமாக்கப் பார்க்கிறது. இடது பக்கத் துணியை மடித்துப் பிடிப்பு தைத்து முடித்தால் வலதும் அதே உயரத்துக்குப் போய் நிற்கிறது. பிரி. திரும்பத் தை. திரும்பப் பிரி. இந்தக் கவுனைச் செக்கிங் பெண்ணிடம் கொடுத்தால் துணியே தெரியாது, ஸ்டிக்கர்தான் தெரியும்.

ஆனால் வலது முதுகில் சேர்த்த வால் துண்டு அழகாக உட்கார்ந்திருக்கிறது. தையல் இருக்கும் இடம் தடவினால்தான் தெரியும். நானே தடவித் தடவிப் பார்க்கிறேன், பைத்தியக்காரன்.

வாங்க வேண்டியது: வெள்ளை நூல், ஊசி (பழையது உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது). பத்திரிகை வந்ததும் முதலில் கொடுக்க வேண்டியது: மும்தாஜ் அக்கா.

மே 11, ஞாயிறு

மூன்றாம் ஓலையும் முடிந்தது. தடை சொல்ல யாரும் வரவில்லை. சாயங்காலம் டேவிட்டின் அம்மா வந்தார்கள், கையில் ஒரு லேஸ் சால்வை. கடை கடையாகத் தேடி வாங்கினார்களாம்.

"கவுனு மேல இத்தப் போட்டுக்கினா ஒண்ணும் தெரியாதும்மா. எங்க தெருல ஒரு மாரி பேசுவாங்க. நாளைக்கு நீதான் அங்க வந்து குந்தணும். உனக்குத்தான் சொல்றேன்."

அந்த அம்மா கெட்டவர்கள் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். நான் பேச ஆரம்பிப்பதற்குள் ஜெசி எழுந்து சால்வையை வாங்கிக்கொண்டாள். "ஏசி ஹால்ல குளிர்னா போட்டுக்கறேன் அத்தே."

ஹாலில் ஏசி கிடையாது. அது இருவருக்கும் தெரியும். ஸ். சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினாள்.

அவர்கள் போனதும் நல்ல பதில் என்று மெச்சப் போனேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணே, எடது தோளுக்கு உள்ள பஞ்சு வச்சித் தைக்கலாமா? மேல இருக்கற தோளுக்குச் சமமா."

"எதுக்கு?"

"ஒரு நாளு. ஒரே ஒரு நாளாச்சும் நேரா இருக்கணும்ணே."

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நான் நேரான முதுகோடு பஸ்ஸில் நிற்கிறவன்.

மே 15, வியாழன்

பஞ்சு வைத்தேன்.

மனசில்லை. உட்கார்ந்த துணியைக் கலைப்பது போலத்தான். ஆனாலும் உடுப்பு அவளுடையது, தைக்கிறவன் இஷ்டத்துக்கு அவள் ஏன் நிற்க வேண்டும்? ஃபோம் பஞ்சை அடுக்கடுக்காக வெட்டி, ஓரம் சீவி, இடது தோளுக்குள் வைத்துப் பிடித்தாயிற்று. ஒழுங்காகத்தான் செய்தேன். அரைமனசு வேலை என்று பிறகு என்னையே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஸ்டெல்லாவிடம் காரணமில்லாமல் சண்டை. குழம்பில் உப்பு. உப்பு சரியாகத்தான் இருந்தது.

மே 17, சனி

இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

ஜெசி மேல்பாகத்தை மட்டும் போட்டுப் பார்த்தாள். மேலே கவுன், கீழே நைட்டி. கண்ணாடியில் இரண்டு தோளும் ஒரே மட்டம். கையைத் தூக்கச் சொன்னேன், இடது கை பாதிக்குமேல் போகவில்லை. "மாலை போட அவ்ளோ போதும்" என்றாள். முகம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அல்லது அப்படி வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் டேவிட். யார்டில் இருந்து நேராக, அழுக்குச் சட்டையோடு, பத்திரிகைக் கட்டைக் கொடுக்க வந்தவன். கதவு திறந்திருந்தது, உள்ளே வந்துவிட்டான். ஸ். "ஐயோ, கல்யாணத்துக்கு முன்னாடி மாப்ள கவுனப் பாக்கக்கூடாது" என்று கத்தினாள். அவன் கவுனைப் பார்க்கவே இல்லை. நேராக ஜெசியிடம் போனான்.

"இன்னா ஜெசி, தோள்ல இன்னா வீக்கம்? வண்டில வரசொல்ல வுழுந்துட்டியா?"

என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், இன்னா மச்சான், ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனீங்களா இல்லியா? எக்ஸ்ரே எடுத்தாச்சா?" பத்திரிகைக் கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டான்.

ஜெசி அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள், அது அழுகையாக மாறியது, திரும்பச் சிரிப்பானது. அவன் ஒன்றும் புரியாமல் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, "வலிக்குதா, எங்க வலிக்குது" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"வலிக்கல போ" என்று கழுத்து வழியாகக் கையை விட்டுப் பஞ்சைப் பிய்த்து எடுத்து அவன் மேல் எறிந்தாள். என் தையலும் கூடவே வந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாது இது?"

நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். துணி காயப் போட வேண்டும் என்று ஏதோ சொன்னேன். காயப்போட ஒரு துணியும் இல்லை. மாப்பிள்ளையை எனக்கு முன்னாலேயே பிடிக்கும். இன்று ரொம்பப் பிடித்துவிட்டது.

மே 22, வியாழன்

கரன்ட் போய்ப் போய் வருகிறது.

முடிந்தது: தோள், கை நுழையும் வளையம், கை, ஜிப். கீழே நெட் சுருக்கி இடுப்போடு சேர்த்தது. ஜிப் நெளியவில்லை, ஜெசியின் வளைவோடு சேர்ந்து இறங்குகிறது.

பாக்கி: கீழ் ஓரம், பின்கழுத்து ஓரத்தைச் சுற்றி வரும் பைப்பிங் பட்டி, கொக்கி.

காலையில்தான் பார்த்தேன். நேற்று ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். கடற்காற்று. மார்புக்குக் கீழே ஊசி நீளத்துக்குத் துருக்கறை. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து ஸ். அரைநாள் மல்லுக்கட்டினாள். போய்விட்டது. என்னைத் திட்டியதுதான் இன்னும் போகவில்லை.

கீழ் ஓரம் மட்டம் பார்ப்பது பெரிய வேலை. மேலிருந்து அளந்தால் எதுவும் ஒத்துவராது. அவளை நடுவீட்டில் நிற்க வைத்து, தரையிலிருந்து ஸ்கேல் வைத்து, நான் சுற்றிச் சுற்றித் தவழ்ந்து சாக்கட்டி போட்டேன். முட்டி தேய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா வாசலில் நின்று, "மாப்ளகூட இவ்ளோ கால்ல வுழமாட்டான்" என்றார்கள்.

மே 27, செவ்வாய்

நாளை கல்யாணம். இப்போது மதியம். காற்று அசையவில்லை. கவுன் முடிந்தது. மேலே ஒரு துணி விரித்து அயர்ன் போட்டு, ஆணியில் தொங்கவிட்டேன். தொங்கும்போது பார்த்தால் யாரோ குடித்துவிட்டுத் தைத்ததுபோல இருக்கிறது. ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. டீ குடிக்க மேலே வந்த பந்தல்காரன் எட்டிப் பார்த்து, "சார், ஒரு பக்கம் எறங்கிக்கினு கீதே" என்றான். உன் பந்தலைப் பார் என்றேன்.

ஜெசி முழுவதும் போட்டுக்கொண்டு வந்தாள்.

உட்கார்ந்துவிட்டது. வேறு எப்படி எழுத? எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. கீழ் ஓரம் தரையைச் சுற்றிக் கோடு போட்டதுபோல. தோள் மேலும் கீழும்தான், அது அவள் தோள். கையைத் தூக்கு என்றேன், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். ஸ். மூக்கை உறிஞ்சினாள். நான் வாயில் குண்டூசி இருந்ததால் தப்பித்தேன்.

"இன்னொரு கண்ணாடி குடு" என்றாள் ஜெசி. ஸ். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பின்னால் பிடித்தாள். ஜெசி பீரோக் கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். சால்வையைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்துவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது.

"அண்ணே."

"இன்னாம்மா."

"பின்கழுத்து ரொம்ப ஏறிக்கினு கீது. கீழ எறக்கு."

ஸ்டெல்லா: "பங்குச் சாமியாரு திட்டப்போறாருடி."

"ரெண்டு வெரக்கடைக்கு இன்னா திட்டு?"

அவ்வளவு இறக்கினால் மேடு ஆரம்பிக்கும் இடம் வெளியே தெரியும். சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ணே. வெட்டு."

முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பைப்பிங் முழுவதும் பிரிக்க வேண்டும், ஜிப்பைக் கீழே இறக்க வேண்டும், கொக்கி இடம் மாற வேண்டும். ஊரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பந்தல்காரன் வேறு கீழிருந்து கத்துகிறான். அவள் உள்ளே கழற்றிக்கொண்டிருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். இதோ, ஸ். கவுனைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டாள். கத்தரிக்கோல் எங்கே?